பின்பலகைத் தலைவர்: டென்மார்க்கின் முதல் தங்கச் சுக்கானி பௌல் ஹார்ட்மன்

1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கிலிருந்து டென்மார்க் 12 பதக்கங்களோடு ஊர் திரும்பியது. அவற்றில் 6 வெள்ளி, 5 வெண்கலம். தங்கம் ஒன்றே ஒன்று. அந்த ஒரு தங்கத்தைத் தலைநகர் கோபன்ஹேகனின் பெரிய சங்கம் எதுவும் வெல்லவில்லை. தெற்கே ஃபால்ஸ்டர் தீவில் உள்ள நிகோபிங் என்னும் சிறு நகரத்தின் படகுக் கழகம் வென்றது. பதக்கப் பட்டியலில் ஐந்து பெயர்கள்: ஏய்லர் ஆலெர்ட், யோர்கன் ஹான்சன், கார்ல் மோலர், கார்ல் பீடர்சன், பௌல் ஹார்ட்மன். முதல் நால்வரும் துடுப்பு வலித்தவர்கள். ஐந்தாமவர் துடுப்பைத் தொடவே இல்லை. படகின் பின்கோடியில் நால்வரையும் பார்த்தபடி உட்கார்ந்து சுக்கான் கயிற்றைப் பிடித்திருந்தார்.

படகுக் கழகங்களின் விழா மலர்களில் இந்த ஐந்தாமவரைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிதான் இருக்கும். குழுப் படத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். பொடியன், எடை குறைவானவன், குரல் மட்டும் பெரியது என்று அவரைப் பற்றி ஒரு பொதுக்கருத்தும் உண்டு. பல நாடுகளில் அந்தக் கருத்துக்கு நியாயமும் இருந்தது. டேனியர் கதை வேறு. அங்கே சுக்கானி என்பது ஒரு பதவி. அதற்குப் பயிற்சி உண்டு, தேர்ச்சி உண்டு, பொறுப்பு உண்டு. ஹார்ட்மனின் தங்கத்தை அந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அதன் மதிப்பு தெரியும்.

முதலில் மறுபக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். 1900-இல் பாரிஸ் நகரின் சேன் ஆற்றில் நடந்த ஒலிம்பிக் போட்டியில், நெதர்லாந்தின் மினர்வா ஆம்ஸ்டர்டாம் கழகத்துக்காக ஃபிரான்சுவா பிராண்ட், ரூலோஃப் கிளைன் என்ற இருவர் துடுப்பு வலித்தார்கள். அவர்களின் சுக்கானி ஹெர்மானுஸ் பிராக்மன் சுமார் 60 கிலோ எடை கொண்டவர். பிரெஞ்சுப் படகுகளிலோ சிறுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தகுதிச் சுற்றில் தோற்ற டச்சுக்காரர்கள் பிராக்மனை இறக்கிவிட்டு, கரையோரம் நின்ற ஒரு பிரெஞ்சுச் சிறுவனை ஏற்றிக்கொண்டு இறுதிப் போட்டியில் தங்கம் வென்றார்கள். அந்தச் சிறுவனின் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒலிம்பிக் வரலாற்றாசிரியர்கள் பல ஆண்டுகளாக அவனைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். சுக்கானியை வெறும் சுமையாக நினைத்தால் அப்படித்தான் ஆகும். சுமையைக் குறைக்க வேண்டுமென்றால் யாரை வேண்டுமானாலும் ஏற்றலாம், பெயரைக் கூடக் கேட்க வேண்டியதில்லை.

ஸ்டாக்ஹோமில் ஹார்ட்மன் சிறுவனல்லர். 1878-இல் பிறந்தவர், அப்போது முப்பதைத் தாண்டி மூன்றாண்டு ஆகியிருந்தது. எடையைக் குறைக்க நிகோபிங் கழகம் ஊர்ப் பையன் ஒருவனைத் தேடியிருக்கலாம். தேடவில்லை.

ஏன் என்பதற்கு டென்மார்க்கின் நிலப்படத்தைப் பார்க்க வேண்டும். தரங்கம்பாடியில் 1620-இல் கோட்டை எழுப்பியவர்களாகத்தான் டேனியர் நமக்குப் பழக்கம். அவர்களுடைய நாடோ ஒரு தீபகற்பமும் நானூறுக்கு மேற்பட்ட தீவுகளும் சேர்ந்தது. பெரிய ஆறு கிடையாது. மிக நீளமான ஆறு என்று சொல்லப்படும் கூதனோ ஏறத்தாழ 160 கிலோமீட்டர்தான். இங்கிலாந்துக்காரருக்குத் தேம்ஸ் இருந்தது. கரையிலிருந்து கரை தெரியும், காற்றடித்தாலும் அலை பெரிதாகாது. டேனியர் படகு ஓட்டியது கடலில், கடல் உள்ளே புகுந்த கால்வாய்களில், தீவுகளுக்கு நடுவே உள்ள நீர்ச்சந்திகளில். அங்கே நீராவிக் கப்பல் போகும், மீன்பிடி வலை விரித்திருக்கும், மணல் திட்டு திடீரென்று தலை காட்டும். துடுப்பு வலிப்பவர்கள் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்காருகிறவர்கள். முன்னே என்ன வருகிறது என்று பார்க்கும் கண் அந்தப் படகில் ஒருவருக்குத்தான் உண்டு. அவர் கடலறிந்தவராக இருந்தாக வேண்டும்.

விளையாட்டாகத் துடுப்பு வலிப்பது இங்கிலாந்திலிருந்துதான் டென்மார்க்குக்கு வந்தது. கோபன்ஹேகனில் 1866-இல் குவிக் கழகமும், அடுத்த ஆண்டு டேனிய மாணவர் படகுக் கழகமும் தொடங்கின. (அதே 1867-இல்தான் சென்னையில் மெட்ராஸ் போட் கிளப் பிறந்தது, இரண்டும் ஒரே ஆங்கிலேய அலையின் பிள்ளைகள்.) 1887-இல் கழகங்கள் கூடி டேனியப் படகோட்டச் சங்கத்தை நிறுவின. உலகப் படகோட்டச் சம்மேளனம் இத்தாலியின் துரின் நகரில் தொடங்கியது 1892-இல். உலக அமைப்பு தோன்றுவதற்கு ஐந்தாண்டு முன்பே டேனியர் தங்களுக்கென்று ஒரு தேசிய அமைப்பை வைத்திருந்தார்கள்.

ஆங்கிலப் பந்தயப் படகு அவர்களுக்குச் சரிப்படவில்லை. அது ஊசிபோல ஒடுங்கியது. துடுப்பைத் தாங்கும் கவை படகுக்கு வெளியே இரும்புச் சட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். அமைதியான ஆற்றில் அம்பாகப் பாயும், கடலலையில் நீர் மொண்டுகொள்ளும். ஐரோப்பாவின் வட நாட்டார் வேறொரு படகை வளர்த்தெடுத்தார்கள். அதன் பெயர் இன்ரிகர். பலகைமேல் பலகை விளிம்பு ஏறும்படி அடுக்கிக் கட்டிய அகலமான படகு அது. துடுப்புக் கவை படகின் விளிம்பிலேயே பொருத்தப்பட்டிருக்கும், வெளிச்சட்டம் கிடையாது. இதில் ஒரு சிக்கல் உண்டு. துடுப்பு ஒரு நெம்புகோல். கைப்பக்கம் போதிய நீளம் இருந்தால்தான் வலு கிடைக்கும். கவை விளிம்பிலேயே இருந்துவிட்டால் கைப்பக்கம் குட்டையாகிவிடும். ஆகவே இன்ரிகரில் ஆட்களை நடுக்கோட்டில் உட்கார வைப்பதில்லை. வலப்பக்கம் துடுப்பு வைத்திருப்பவர் இடப்பக்கமாகவும், இடப்பக்கம் வைத்திருப்பவர் வலப்பக்கமாகவும் தள்ளி உட்காருவார்கள். மேலிருந்து பார்த்தால் இருக்கைகள் வளைந்து வளைந்து போகும். படகுக்கு அகலம் வேண்டும், வலிப்பவருக்கு நெம்பும் நீளமும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கண்ட வழி இது. பார்க்க அழகில்லை, ஆனால் கடலில் கவிழாது.

இன்ரிகரில் எப்போதும் ஒரு சுக்கானி உண்டு. இரண்டு துடுப்பு இன்ரிகரிலும் உண்டு, நான்கு துடுப்பிலும் உண்டு. அவரில்லாமல் அந்தப் படகு துறையை விட்டுக் கிளம்புவதில்லை. இங்கேதான் டேனியக் கழகங்களின் நிர்வாக ஒழுங்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

வசந்தத்தில் கழகக் கொடியை ஏற்றினால் படகோட்டப் பருவம் தொடக்கம், இலையுதிர் காலத்தில் அதை இறக்கினால் முடிவு. இரண்டுக்கும் உறுப்பினர் அனைவரும் துறையில் கூடுவார்கள். இடைப்பட்ட மாதங்களில் யார், எந்தப் படகில், யாரோடு, எங்கே போனார், எத்தனை கிலோமீட்டர் என்பதெல்லாம் பேரேட்டில் பதிவாகும். புதிதாகச் சேர்ந்தவர் முதலில் நீந்தத் தெரியும் என்று காட்ட வேண்டும், பிறகு துடுப்பு வலிக்கப் பழக வேண்டும். அதையெல்லாம் தாண்டிய பின்னும் தானாக ஒரு படகை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது. சுக்கானி உரிமை பெற்ற ஒருவர் படகில் இருக்க வேண்டும். அந்த உரிமையைப் பெறத் தனிப் பயிற்சி இருக்கிறது. கடற்பாதை விதிகள், காற்றின் போக்கு, அலையை எந்தக் கோணத்தில் வாங்குவது, துறைக்குள் படகைத் திருப்புவது, ஆள் நீரில் விழுந்தால் செய்ய வேண்டியது என்று பாடம் நீளும். பல நாள் நெடும்பயணத்துக்கு அதற்கும் மேலே இன்னொரு தேர்ச்சி. படகில் மூத்தவர் இருக்கலாம், பலசாலி இருக்கலாம், கழகத் தலைவரே துடுப்பு வலிக்கலாம். புறப்படுவதா, திரும்புவதா, கரை ஒதுங்குவதா என்று முடிவு செய்வது சுக்கானிதான். நம்மூரில் தேர் வடத்தை ஆயிரம் பேர் பிடித்து இழுத்தாலும், வீதி முனையில் தேர் திரும்புவது முட்டுக்கட்டை போடுகிறவர் கையில்தானே இருக்கிறது.

இப்படியொரு மரபிலிருந்து வருகிறவரைப் பந்தயத்தில் உட்கார வைக்கும்போது கழகம் தராசைப் பார்ப்பதில்லை. எடை தரும் பாதகத்தைவிட நேராக ஓடிய கோடும் சரியான தருணத்தில் வந்த சொல்லும் பெரிது என்று கணக்குப் போடுகிறது. சுக்கானைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் நீர் படகைப் பின்னுக்கு இழுக்கும். கை பழகாதவர் இடமும் வலமுமாகத் திருத்திக்கொண்டே இருப்பார், படகு பாம்பாக நெளிந்து 2,000 மீட்டருக்கு மேல் ஓடும். கை பழகியவர் திருத்தம் தேவைப்படுவதற்கு முன்பே மெல்லத் தொட்டு விட்டுவிடுவார். அதையும் துடுப்புகள் நீரில் ஊன்றியிருந்து படகு நிலையாக நிற்கும் கணத்தில் செய்வார்.

நிகோபிங் அத்தகைய கைகள் வளர ஏற்ற இடம். ஃபால்ஸ்டர் தீவின் மேற்குக் கரையில், லொலான் தீவை எதிரே பார்த்தபடி இருக்கிறது. நடுவே ஓடுவது கூல்போர்சுண்ட் என்னும் ஒடுங்கிய நீர்ச்சந்தி. ஆழமில்லாத கடல்நீர், இருபுறமும் தாழ்ந்த கரை. சுற்றிலும் சர்க்கரைக் கிழங்கு வயல்கள். ஊரில் 1884 முதல் சர்க்கரை ஆலை ஓடுகிறது. பெரும் பணக்காரர்களோ பல்கலைக்கழகமோ உள்ள ஊரல்ல. அந்தக் காலத்தில் ஒலிம்பிக் படகோட்டம் என்றால் ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரிகளும் லியாண்டர் போன்ற சீமான் கழகங்களும்தான் நினைவுக்கு வரும். ஸ்டாக்ஹோமில் எண்மர் படகுப் போட்டியின் தங்கத்தையும் வெள்ளியையும் லியாண்டரும் ஆக்ஸ்ஃபோர்டின் நியூ காலேஜும்தான் பங்கிட்டுக்கொண்டன. அந்தக் கூட்டத்தின் நடுவே கிழங்கு வயல் ஊரிலிருந்து ஐந்து பேர்.

ஸ்டாக்ஹோமில் படகோட்டத்துக்கு நான்கே போட்டிகள்: ஒற்றையர், எண்மர், சுக்கானியுடன் நால்வர், சுக்கானியுடன் நால்வர் இன்ரிகர். ஆக, ஒற்றையரைத் தவிர எல்லாப் படகிலும் சுக்கானி இருந்தார். இன்ரிகரைச் சேர்த்தது போட்டியை நடத்திய ஸ்வீடன்காரர்களின் விருப்பம். வட நாட்டுப் படகுக்கு வட நாட்டு ஒலிம்பிக்கில் ஓர் இடம். ஜூலை 17, 18 ஆகிய நாட்களில் நடந்தது. ஸ்வீடன், நார்வே, டென்மார்க் ஆகிய மூன்றும் இறங்கின, பிரான்சும் வந்தது.

களம் யூர்கார்ட்ஸ்ப்ரூன் விரிகுடா. நகரத்துக்கு நடுவே புகுந்த ஒடுங்கிய நீர். இடம் போதாததால் ஒரு நேரத்தில் இரண்டு படகுகளே ஓட முடியும். தடமும் நேரல்ல. கரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு குளியல் கட்டடம் குறுக்கே வந்தது. அந்தப் பக்கத் தடம் கிடைத்த படகு சுற்றிக்கொண்டு போக வேண்டும். எந்தத் தடம் யாருக்கு என்பது பற்றி ஆங்கிலக் கழகங்கள் நெடுங்காலம் முணுமுணுத்தன. எனக்கு அந்த முணுமுணுப்பில் அனுதாபம் இல்லை. நேர்த்தடம் மட்டுமே பழகிய சுக்கானிக்கு அது அநியாயம்தான். வலைக்கும் திட்டுக்கும் கப்பலுக்கும் நடுவே படகு விட்டுப் பழகியவருக்கு அது வழக்கமான ஒரு மாலைப்பொழுது.

இறுதியில் நிகோபிங்கை எதிர்த்து வந்தது ஆண்டையே பெயராகக் கொண்ட ஸ்வீடன் கழகம்: 1912-ஆம் ஆண்டுப் படகுக் கழகம். சொந்த நீர், சொந்தக் கூட்டம். நிகோபிங் வென்றது. வெண்கலம் நார்வேயின் ஊர்ம்சுண்ட் கழகத்துக்கு. அதே நாட்களில் சுக்கானியுடன் நால்வர் போட்டியில் கோபன்ஹேகன் பாலிடெக்னிக் கழகம் வெண்கலம் பெற்றது. அதன் பின்பலகையில் இருந்தவர் ஐகில் கிளெமென்சன். துடுப்பு வலித்தவர்கள் எரிக் பிஸ்கார், ராஸ்முஸ் ஃபிரான்சன், மாக்னுஸ் சிமோன்சன், பௌல் தூமன். ஆக ஒரே வாரத்தில் டென்மார்க்குக்கு இரண்டு படகோட்டப் பதக்கம், இரண்டும் சுக்கானி வைத்த படகில்.

அதற்குப் பிறகு இன்ரிகர் ஒலிம்பிக்கில் ஓடவே இல்லை. 1912-இல் ஒரே முறை. போட்டியையே எடுத்துவிட்டதால் நிகோபிங் ஐவரிடமிருந்து அந்தப் பட்டத்தை யாரும் வெல்லவும் முடியாது. இதைச் சிலர் அந்தத் தங்கத்தின் குறையாகச் சொல்வதுண்டு: வட நாட்டார் தங்களுக்குள் ஓட்டிக்கொண்ட போட்டி என்று. வந்திருந்த படகுகள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அந்தப் படகை ஓட்டத் தெரிந்தவர்கள் இருந்ததும் அங்கேதான், வந்து மோதியவர்களும் அவர்களே. ஆங்கிலேயர் மட்டுமே அறிந்த ஒரு படகில் ஆங்கிலேயர் வென்றால் யாரும் இப்படிக் கேட்பதில்லை.

ஹார்ட்மன் 1969 வரை வாழ்ந்தார். தொண்ணூறு வயதைத் தொட்ட அந்த வாழ்நாளில் தம் நாட்டுச் சுக்கானி ஒருவர் மறுபடியும் ஒலிம்பிக் தங்கம் பெறுவதைப் பார்த்துவிட்டார். அதற்கு 36 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

1948 லண்டன் ஒலிம்பிக்கின் படகோட்டம் ஹென்லியில் நடந்தது. வழக்கமாக இரண்டு படகு ஓடும் தடத்தை மூன்றுக்கு அகலப்படுத்தியிருந்தார்கள். சுக்கானியுடன் இருவர் போட்டியில் ஃபின் பீடர்சன், தாகே ஹென்ரிக்சன் இருவரும் வலிக்க, 19 வயதுக் கார்ல்-எபே ஆன்டர்சன் சுக்கான் பிடித்தார். படகோட்டத்திலேயே மிகக் கொடியது இந்த வகை. எண்மர் படகில் சுக்கானியின் எடையை எட்டுப் பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். இங்கே இரண்டே பேர். படகு கனமாக, மெதுவாக ஓடும்; வலிப்பவர் முதுகு ஒடியும். அப்படிப்பட்ட படகில் சுக்கானி வாங்கும் இடத்துக்கு வேலை செய்தாக வேண்டும். டேனியர் 8 நிமிடம் 0.5 நொடியில் முடித்தார்கள். இரண்டாவதாக வந்த இத்தாலியர் பத்து நொடிக்கும் மேல் பின்தங்கியிருந்தார்கள். மூன்றாவதாக வந்த ஹங்கேரியின் படகில் சுக்கானியாக இருந்தவர் ராபர்ட் சிமோனி. பின்னாளில் அமெரிக்காவில் குடியேறி, 1964 டோக்கியோவில் 46 வயதில் எண்மர் படகோடு தங்கம் வென்ற அதே சிமோனிதான். பின்பலகைக்கு வயது ஒரு தடையே அல்ல என்பதற்கு ஹார்ட்மனுக்கு அடுத்து அவர்தான் சாட்சி.

அதே ஹென்லியில் சுக்கானியுடன் நால்வரில் டென்மார்க் வெண்கலம் பெற்றது, சுக்கானி இப் ஓல்சன். சுக்கானி இல்லாத நால்வரிலும் இரட்டையர் துடுப்பிலும் இரண்டு வெள்ளி. 1952 ஹெல்சிங்கியில் சுக்கானியுடன் இருவரில் யோர்கன் ஃபிரான்சனின் படகு வெண்கலம். 1968 மெக்சிகோவில் அதே வகையில் மீண்டும் வெண்கலம்: ஹாரி யோர்கன்சனோடு யோர்ன் கிராப் வலித்தார், சுக்கான் பிடித்தவர் பிரேபன் கிராப். நடுவே 1964-இல் சுக்கானி இல்லாத நால்வர் டோக்கியோவில் தங்கமே வென்றார்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸில் மகளிர் நால்வர் இரட்டைத் துடுப்புப் போட்டியில் வெண்கலம் பெற்ற டேனியப் படகைச் செலுத்தியவர் யெட்டே சோரன்சன். மகளிருக்கு அப்போது தடம் 1,000 மீட்டர்தான். அடுத்த ஆண்டே அதை 2,000 மீட்டராக்கி, அந்தப் படகிலிருந்து சுக்கானியையும் இறக்கிவிட்டார்கள்.

இறக்கிவிடுவது அத்தோடு நிற்கவில்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்குக்குப் பிறகு ஆடவர் பிரிவில் சுக்கானியுடன் இருவர், சுக்கானியுடன் நால்வர் இரண்டும் நீங்கின. எடை குறைந்தோர் போட்டிகளுக்கு இடம் தேவைப்பட்டது. டென்மார்க்குக்கு இதில் நட்டம் என்று சொல்ல முடியாது. புதிதாக வந்த எடை குறைந்தோர் நால்வரில் அவர்கள் 1996, 2004, 2008 என்று மூன்று தங்கம் அள்ளினார்கள். மூன்றிலும் துடுப்பு வலித்த எஸ்கில் எபேசன் இன்று அந்நாட்டில் எல்லோரும் அறிந்த பெயர். அந்தப் படகில் சுக்கானி கிடையாது. துடுப்பு வலிப்பவர்களில் ஒருவர் காலால் சுக்கானை அசைத்துக்கொள்வார். இன்றைய ஒலிம்பிக்கில் சுக்கானிக்கு எண்மர் படகு மட்டுமே மிச்சம். பாராலிம்பிக்கில் கலப்பு நால்வர் ஒன்று உண்டு.

ஊரில் நிலைமை வேறு. டேனியக் கழகங்களில் இன்ரிகர் இன்றும் அன்றாடப் படகு. அதற்கெனத் தேசியப் போட்டிகள் நடக்கின்றன. கோடையில் தீவு தீவாகச் சுற்றும் நெடும்பயணங்களில் வலிப்பவரும் சுக்கானியும் இடம் மாறி மாறி உட்காருவார்கள், உரிமை பெற்றவர்கள் படகில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து.

பாரிஸ் 2024-க்குப் பிறகு எடை குறைந்தோர் பிரிவும் போய்விட்டது. அந்த இடத்தில் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கடலோரப் படகோட்டம் வருகிறது. மணலில் ஓடி, படகில் ஏறி, அலையைத் தாண்டி மிதவைகளைச் சுற்றித் திரும்பும் விரைவுப் போட்டி. ஆடவர் ஒற்றையர், மகளிர் ஒற்றையர், கலப்பு இரட்டையர் என்று மூன்று பிரிவுகள் அறிவித்திருக்கிறார்கள். சுக்கானியுடன் நால்வர் கடற்படகு உலகப் போட்டியில் இருக்கிறது; ஒலிம்பிக் பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை.